படகு வாங்கப் போய் பஸ் வாங்கிய கதை

துபாயில் படகுகளைப் பழுது பார்க்கும் ஒரு யார்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். கடலை முதன்முதலில் பார்த்ததே விமானத்தின் ஜன்னல் வழியாகத்தான். அந்த யார்டில் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். 1980களில் கட்டிய 42 அடி மோட்டார் யாட் (இன்ஜினில் ஓடும் உல்லாசப் படகு) ஒன்றை வாங்கி, வருஷம் முழுக்க அதிலேயே குடியிருந்தார்கள். கரையில் வீடு வாசல் எதுவும் கிடையாது. காலையில் அந்த அம்மா மேல்தளத்தில் துணி காயப்போடுவார். ஐயா எங்களிடம் வந்து ஸ்பேனர் கடன் கேட்பார். பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த ஆசை ஒட்டிக்கொண்டது. ஊர் திரும்பியதும் பழைய படகு ஒன்றை வாங்கிக் குடியேறுவது என்று முடிவு கட்டிவிட்டேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு எடுத்த முடிவு இது. எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் கே.ஆர்.பி. அணைதான்.

2022 கடைசியில் கொச்சியில் 38 அடி படகு ஒன்று விலைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன். கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் சுத்தியல், டார்ச், பழைய துணி. படகு பார்க்கப் போகிறவனுக்கு இவை போதும். உள்ளே சோபா, தேக்குப் பலகை, ஏசி எல்லாம் பளபளவென்று இருந்தன. மச்சான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு "சூப்பரா இருக்கு மாமா" என்றான். நான் மேல்தளத்தில் முட்டி போட்டுச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல ஃபைபர் 'டக் டக்' என்று கணீரென ஒலிக்கும். உள்ளே ஈரம் போயிருந்தால் 'தொப்' என்று மந்தமாக ஒலிக்கும். ஃபைபரின் இரண்டு தோலுக்கும் நடுவில் பால்சா கட்டையோ பிளைவுட்டோ வைத்திருப்பார்கள். யாரோ எப்போதோ கைப்பிடி மாட்டப் போட்ட ஸ்குரூ துளை ஒன்று போதும், அந்த வழியாக நீர் இறங்கிக் கட்டை முழுக்க மக்கிவிடும். இந்தப் படகில் முன்பாதி முழுக்கத் 'தொப்'. இன்ஜின் இரண்டும் இரண்டு வருஷமாக ஓடவில்லை. கடல் நீரை இழுத்து இன்ஜினைக் குளிர வைக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லரைக் கழற்றிப் பார்த்தேன், இறக்கைகள் மடிந்தபடியே இறுகிப் போயிருந்தன.

கேட்ட விலை 22 லட்சம். அது ஒரு தடவை கொடுப்பது. கட்டி வைக்க மாத வாடகை, வருஷா வருஷம் கரையேற்றி அடிப்பாகத்துக்குப் பெயின்ட், துருப்பிடிக்காமல் இருக்கத் தொங்கவிடும் துத்தநாகக் கட்டிகள், இதெல்லாம் தனி. யார்டில் ஒரு கணக்கு சொல்வார்கள்: படகு விலையில் பத்தில் ஒரு பங்கு வருஷா வருஷம் அதற்கே போகும் என்று. பழைய படகு என்றால் இன்னும் கூட. திரும்பி வரும் வழியில் என் மனைவி போனில் சொன்னாள்: "என்னங்க, சுத்தியும் தண்ணி இருந்தா எனக்குத் தூக்கமே வராது. படகு மாதிரி எதையாவது நம்ம தோப்புல கொண்டாந்து நிறுத்துங்க, வந்து இருக்கேன்." சொன்னவள் விளையாட்டாகத்தான் சொன்னாள், எனக்கோ பழைய பஸ்ஸை வீடாக்கிவிடலாம் என்று தோன்றிவிட்டது.

2023 பிப்ரவரியில் ஒரு புரோக்கர் மூலம் பக்கத்து மாவட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்று கழித்துக்கட்டிய பஸ்ஸைப் பார்த்தேன். 26 சீட், 2009 மாடல். முதல் நாள் போனபோது ரேடியேட்டர் மேல் கை வைத்தேன், சுட்டது. நான் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். படகு விற்பவர்களும் இதையேதான் செய்வார்கள். சூடான இன்ஜின் எதையும் காட்டிக்கொடுக்காது. ஒன்றும் சொல்லாமல் டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து காலை ஐந்தரைக்குச் சொல்லாமல் போய் நின்றேன். வாட்ச்மேனுக்குத்தான் சங்கடம்.

குளிர்ந்த இன்ஜின் மூன்றாவது சுற்றில் பிடித்தது. கொஞ்சம் வெள்ளைப் புகை, அரை நிமிஷத்தில் அடங்கிவிட்டது, சரி. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். அங்கிருந்து குப்குப்பென்று காற்றும் புகையும் வந்தால் இன்ஜினுக்குள் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். லேசாகத்தான் வந்தது. கூலன்ட் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் குட்டை போல வெறும் தண்ணீர், அதை விலை குறைக்க வைத்துக்கொண்டேன். ஹேண்ட் பிரேக் போட்டு மூன்றாம் கியரில் கிளட்சை விட்டதும் இன்ஜின் அடங்கி நின்றது, கிளட்ச் பரவாயில்லை. பின்பக்கம் இடது ஸ்பிரிங் பட்டையில் மூன்றாவது தகடு விரிசல். டயர் ஓரத்தில் உள்ள நாலு எண்ணைப் பார்த்தால் 3214. அதாவது 2014ஆம் வருஷம் 32ஆவது வாரம் செய்தது. ஆறும் மாற்ற வேண்டியவை.

அப்புறம் சுத்தியலை எடுத்தேன். புரோக்கர் சிரித்தார். "என்னண்ணே, தேங்காயா வாங்குறீங்க?" பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்து, தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டினேன். முன்பக்கம் கணீர். பின் சக்கரத்துக்கு மேலே வந்ததும் கொச்சியில் கேட்ட அதே சத்தம், தொப். ஒரு இடத்தில் சுத்தியல் உள்ளேயே போய்விட்டது. 4,25,000 கேட்டவர்கள் 3,30,000க்கு இறங்கினார்கள். கொச்சிப் படகை விட்டுவிட்டு இதை ஏன் வாங்கினாய் என்று மச்சான் இன்றைக்கும் கேட்கிறான். இரும்பை வெட்டி எடுத்துப் புது இரும்பை வெல்டிங் பண்ணலாம், கிருஷ்ணகிரியில் அதற்கு ஆளுக்குப் பஞ்சமே இல்லை. சென்னை, பெங்களூரு, சேலம் ரோடுகள் கூடும் ஊர், லாரிப் பட்டறைகளாலேயே பிழைக்கும் தெருக்கள் உண்டு. மக்கிய ஃபைபருக்கு இங்கே யாரைக் கூப்பிடுவது?

சீட்டை எல்லாம் கழற்றி விற்றுவிட்டுத் தரையைப் பிரித்தோம். மேலே அலுமினியத் தகடு, கீழே பிளைவுட். பிளைவுட் ஊறிய பன் மாதிரி கையோடு வந்தது. பதினொரு குறுக்குச் சட்டங்களில் நாலு முழுக்கப் போச்சு, இரண்டு பாதி. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்த இடங்களில் எல்லாம் வெள்ளைப் பவுடர் பூத்திருந்தது. இரண்டு வேறு உலோகம் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். படகில் துத்தநாகத்தைத் தொங்கவிட்டால் அது முதலில் கரைந்து மற்றதைக் காப்பாற்றும். ஆனால் துத்தநாகமும் அதே தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். பஸ்ஸில் அது ஆகாது. இங்கே ஒரே வழி, இரண்டும் தொடாமல் நடுவில் பியூட்டைல் டேப் (ரப்பர் மாதிரி ஒட்டும் நாடா) ஒட்டுவது.

வெல்டர் தம்பி நல்ல வேலைக்காரன். ஒரு நாளில் நாலு சட்டத்தையும் வெட்டிப் புது சதுரக் குழாய் வைத்துவிட்டான். "முடிஞ்சுதுண்ணே, பிளைவுட் போட்டுரலாம்" என்றான். நான் போட விடவில்லை. இரும்பு எப்படிப் போயிற்று என்பது தெரியாமல் புது இரும்பை வைத்தால், அதுவும் அதே வழியில்தான் போகும். தரைக்கு மேலே இருந்த ஈரம் எங்கிருந்து வந்தது? கீழே ரோட்டிலிருந்து தெறித்த தண்ணீர் என்றால் சட்டத்தின் அடிப்பக்கம் அரித்திருக்க வேண்டும். இங்கே மேல்பக்கமும் உள்பக்கமும்தான் அரித்திருந்தன. படகுக்குக் கீழேயிருந்து தண்ணீர் வரும் என்று எல்லாரும் நினைப்பார்கள். பழைய படகுகள் பெரும்பாலும் மேலிருந்து வரும் மழைத் தண்ணீரில்தான் அழுகும். பஸ்ஸும் அப்படித்தான்.

இனி வருவது நான் பட்ட பாட்டிலேயே பெரிய பாடு, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

ஜன்னல் கம்பங்கள் உள்ளீடற்ற குழாய்கள். ஜன்னல் ரப்பர் வழியாகவோ கூரை வழியாகவோ நுழையும் தண்ணீர் அந்தக் குழாய்க்குள் இறங்கி, தரை ஓரம் ஓடும் நீளச் சட்டத்தில் போய்த் தேங்கும். அந்தச் சட்டத்தில் தண்ணீர் வெளியேற ஒரு துளை கூட இல்லை. பதினாலு வருஷம் குழாய்க்குள் குளம் கட்டியிருக்கிறது. படகின் அடியில் குறுக்கே ஓடும் ஒவ்வொரு சட்டத்திலும் சின்னத் துளை வைத்திருப்பார்கள், எங்கே நுழைந்த தண்ணீரும் ஓடி ஒரே பள்ளத்துக்கு வந்துசேரும், அங்கிருந்து பம்ப் வெளியே தள்ளும். யார்டில் புதிதாகச் சேருகிறவனுக்கு முதல் வேலையே அந்தத் துளைகளில் அடைத்திருக்கும் முடியையும் அழுக்கையும் கம்பி விட்டுக் குத்தி எடுப்பதுதான். நானும் மூன்று மாதம் அதைத்தான் செய்தேன்.

பஸ்ஸின் நீளச் சட்டம் இரண்டிலும் அடிப்பக்கம் 8 மில்லி துளை 23 போட்டேன். மூன்றாவது துளையில் டிரில் ஏறியதும் துருத் தண்ணீர் என் முகத்தில் ஊற்றியது. அது கோடைகாலம், மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. துளை விளிம்புகளுக்குத் துத்தநாகம் கலந்த பிரைமர், குழாய்க்குள் மெல்லிய ட்யூப் விட்டு மெழுகு ஸ்பிரே.

அடுத்து ஓட்டை தேடும் படலம். ஆள் ஒருவன் வெளியே ஹோஸ் பிடிக்க, நான் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்திருந்தேன். எடுத்த எடுப்பில் கூரையில் தண்ணீர் பீய்ச்சக் கூடாது, கீழே ஆரம்பித்து ஒவ்வொரு அடியாக மேலே போக வேண்டும். முதலிலேயே மேலே அடித்தால் எல்லா இடமும் நனைந்து எது ஓட்டை என்று தெரியாது. அப்படியும் தெரியவில்லை. இருட்டுக்குள் ஈரம் படிந்த இரும்பும் படியாத இரும்பும் ஒரே நிறம். என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு உள்ளே போய்க் கோலமாவு டப்பாவைக் கொண்டுவந்தாள். "இதைத் தூவுங்க. நனைஞ்ச எடம் கறுத்துரும்ல." துருக் கறுப்பில் வெள்ளை மாவு. தண்ணீர் வந்த தடம் புழு ஊர்ந்த மாதிரி கோடாகத் தெரிந்தது. பதினோரு வருஷ அனுபவத்தில் எனக்கு இது தோன்றவில்லை.

மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே ஈரம், ஆனால் கோடு ஐந்தாவது ஜன்னலுக்கு மேலிருந்து வந்தது. கூரை மேல் லக்கேஜ் கேரியரின் போல்ட். பஸ் முன்பக்கம் சரிந்து நின்றதால் தண்ணீர் உள்ளேயே நடந்து வந்திருக்கிறது. முன்பு இருந்தவர்கள் எல்லா போல்ட் மேலும் சிலிக்கானை அப்பியிருந்தார்கள். சிலிக்கான் பழசானதும் ஓரம் விடும். அதைவிட மோசம், பழைய சிலிக்கான் மேல் எதுவுமே ஒட்டாது, புது சிலிக்கான் உட்பட. பிளேடால் சுரண்டி, மண்ணெண்ணெயில் துடைத்து, தின்னரில் துடைத்து, மறுபடி சுரண்டி, கேரியரையே கழற்றி எறிந்து துளைகளுக்குத் தகடு வைத்து பாலியூரித்தேன் சீலன்ட் போட்டேன். இரண்டு வாரம். கை ரேகை அழிந்தே போச்சு.

கூரைக்குள் வெப்பம் தடுக்க எல்லாரும் கண்ணாடிப் பஞ்சு வைக்கச் சொன்னார்கள். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், வேண்டாம். ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட், 19 மில்லி, ஒட்டினேன். மேலே வெள்ளைப் பெயின்ட். மஞ்சளை எப்படியும் மாற்ற வேண்டியிருந்தது, பள்ளி வண்டி நிறத்தில் வீட்டை ஓட்ட முடியாது. தரைக்கும் அலமாரிக்கும் ஐஎஸ் 710 முத்திரை போட்ட, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட். 303 என்று போட்ட சாதாரணப் பிளைவுட்டைக் கடைக்காரர்கள் 'அதே சரக்குதான் சார்' என்பார்கள். முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

வண்டியின் உருவத்தையே மாற்றுவதால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ.விடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். முதலில் கட்டிவிட்டு அப்புறம் காகிதம் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். எனக்கு அதற்குப் பல மாதம் போயிற்று. அந்தக் கதை தனி, இங்கே வேண்டாம்.

கரன்ட் விஷயத்துக்கு வருகிறேன். 12 வோல்ட், 200 ஆம்பியர் ஹவர் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி ஒன்று. முழு சார்ஜில் சுமார் இரண்டரை யூனிட். கூரையில் 335 வாட் சோலார் பேனல் இரண்டு. எங்கள் ஒரு நாள் செலவு ஒன்றேகால் யூனிட் பக்கம்தான்: கம்ப்ரெசர் ஃப்ரிட்ஜ், கரன்ட் குறைவாக இழுக்கும் 28 வாட் பிஎல்டிசி ஃபேன் இரண்டு, விளக்குகள், காலையில் மிக்ஸி. ஆகவே ஒரு நாள் மேகமூட்டமாக இருந்தாலும் தாங்கும்.

வயரிங் மட்டும் உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் விட்டேன். நல்ல மனிதர், ஆனால் வீட்டு வேலை பழகியவர். ஃப்ரிட்ஜுக்கு 1.5 எஸ்க்யூஎம்எம் (சதுர மில்லிமீட்டர்) வயர் இழுத்துவிட்டார். 230 வோல்ட்டில் அது தாராளம். குடிவந்த முதல் வாரம் ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பிக்கும், 'கிளிக்' என்று நிற்கும், மறுபடி கிளிக். பால் திரிந்தது. பேட்டரி மோசம் என்று அவர் சொன்னார். மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தால் 12.9. ஃப்ரிட்ஜ் பிளக்கில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் ஆகும் நொடியைப் பார்த்தால் 10.4. நடுவில் இரண்டரை வோல்ட் காணாமல் போகிறது. போக 7 மீட்டர், வர 7 மீட்டர், ஆக 14 மீட்டர் மெல்லிய வயரில், ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் 15 ஆம்பியருக்கு அவ்வளவு விழத்தான் செய்யும். 230இல் இரண்டரை வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது, 12இல் போனால் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. 6 எஸ்க்யூஎம்எம் வயர் மாற்றினேன், இழப்பு 0.6க்கு வந்தது. கிளிக் நின்றது. இன்னொன்று, வண்டி ஓடும்போது இன்ஜினோடு சுற்றிக் கரன்ட் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து லித்தியம் பேட்டரிக்கு நேரடியாக வயர் போடாதீர்கள். அந்த பேட்டரி கொடுத்ததை எல்லாம் விழுங்கும், ஆல்டர்னேட்டர் வெந்துவிடும். நடுவில் கரன்ட்டை அளவோடு விடும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வைத்திருக்கிறேன்.

கேஸ் சிலிண்டரை அடுப்புக்குக் கீழே வைக்கச் சொல்லித் தச்சர் இடம் விட்டிருந்தார். அதை மாற்றினேன். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். படகுகளில் அது அடிப்பள்ளத்தில் இறங்கி நிற்கும், ஒரு பொறி போதும். அதனால் யாட்களில் சிலிண்டருக்கு வெளியே திறக்கும் தனிப் பெட்டி, அதன் அடியில் துளை. எங்கள் 5 கிலோ சிலிண்டருக்கும் அப்படியே, பஸ்ஸின் பக்கவாட்டில்.

தண்ணீருக்கு 200 லிட்டர் தொட்டி. அது 200 கிலோ என்பதை மறந்து முதலில் ஒரு ஓரமாக வைத்தேன், வண்டி சாய்ந்து நின்றது. பிறகு நடுவில் இறக்கினேன். தோப்பு போர் தண்ணீரைக் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் மட்டும். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், எங்கள் பக்கத்தில் பல் காவி படிந்த பெரியவர்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். எங்கே போய் நிறுத்தினாலும் முதலில் ஒகேனக்கல் குழாய் எங்கே என்றுதான் கேட்போம். கழிவறைக்குப் படகு மாதிரி தொட்டி, குழாய், வால்வு எதுவும் வைக்கவில்லை. அந்த வால்வுகளை நான் நிறையக் கழற்றியிருக்கிறேன், போதும். சிறுநீர் தனி, மற்றது தனி, மேலே தேங்காய் நார்த்தூள். வாடை இல்லை. மாமியார் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

2024 தை பிறந்ததும் பால் காய்ச்சிக் குடிவந்தோம். மொத்தச் செலவு பஸ் விலையோடு 9,60,000.

முதல் நீளப் பயணம் தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம். அந்த இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போன லாரிகள் என்ன ஆகும் என்பது இந்தப் பக்கம் குழந்தைக்கும் தெரியும். இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாம் கியர், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ள, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு எடுத்தேன். வண்டி நன்றாகத்தான் இறங்கியது. பின்னால்தான் யுத்தம். பாதித் தொட்டித் தண்ணீர் ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னே வந்து இடித்தது. படகுத் தொட்டியில் நடுவே தடுப்புத் தகடு இருக்கும், நான் வைக்கவில்லை. அப்புறம் ஒரு வளைவில் சமையல் டிராயர் திறந்து ராகி மாவு டப்பா கவிழ்ந்தது. யாட் டிராயர்களில் லேசாகத் தூக்கி இழுத்தால்தான் திறக்கும்படி ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். நூறு டிராயராவது அப்படிச் சரி செய்திருப்பேன். சொந்த வீட்டுக்கு மறந்துவிட்டேன். சேலத்தில் இறங்கியபோது என் மனைவி புருவம் வரை ராகி. ஒன்றும் பேசவில்லை. அன்று மதியம் களி இல்லை என்று மட்டும் சொன்னாள்.

தோப்பில் நிறுத்துவதிலும் ஒரு சிக்கல் உண்டு. நிழலில் நிறுத்தினால் சோலார் படுத்துக்கொள்ளும், ஒரு கிளையின் நிழல் பேனலின் ஓரத்தில் விழுந்தால்கூட உற்பத்தி பாதிக்கு மேல் சரியலாம். வெயிலில் நிறுத்தினால் நாங்கள் படுத்துக்கொள்வோம். சித்திரை வைகாசியில் பெங்களூரா மாங்காய் அரைக் கிலோ எடையில் பேனல் மேல் விழுந்தது, நல்லவேளை கண்ணாடி தாங்கியது. இப்போது தோப்பு ஓரத்தில், காலையில் வெயிலும் மூன்று மணிக்கு மேல் நிழலும் கிடைக்கும் இடத்தில் நிற்கிறது.

போன ஐப்பசி மழையில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஆனால் இரண்டாம் நாள் இரவு டார்ச் அடித்துக் கீழே பார்த்தபோது, வலது பக்கம் பதினேழாவது துளையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ நுழைகிறது. பின்கதவு ரப்பராகத்தான் இருக்க வேண்டும். வருகிற ஞாயிறு அதைப் பிரிக்கப்போகிறேன், கோலமாவு வாங்கி வைத்தாயிற்று.